“அண்ணா! நீயா?” – 33 ஆண்டு கழித்து டெலிவிஷனில் கிடைத்த சொந்தங்கள்

இரவு மணி 10.15.

1983-ம் ஆண்டு, ஜூன் மாதம் 30-ந் தேதி. தென் கொரியாவின் தலைநகரமான சியோல்.

சாப்பாடு முடிந்து ஜனங்கள் படுக்கப் போகும் நேரம். டெலிவிஷனில் ஒரு நிகழ்ச்சி தொடங்கியது. சண்டையில் பிரிந்துபோன குடும்பங்களைப் பற்றிய நிகழ்ச்சி அது. மொத்தம் 95 நிமிடம்தான். பன்னிரண்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

ஆனால் முடிக்க முடியவில்லை!

டெலிவிஷன் நிலையத்தின் டெலிபோன்கள் எல்லாம் ஒரே சமயத்தில் அலறின. “என் தம்பியைக் காணோம்”, “என் தாயைத் தேடுகிறேன்”, “நானும் வரலாமா?” என்று ஊர் ஊராகக் கேட்டார்கள். வீட்டில் டெலிபோன் இல்லாதவர்கள் நேரிலேயே புறப்பட்டு வந்துவிட்டார்கள். நிகழ்ச்சி நீண்டது. விடியற்காலை 2.30 மணி வரை நீண்டது.

மறுநாள் தொடர்ந்தது. அதற்கு மறுநாளும் தொடர்ந்தது. 95 நிமிடத்தில் முடிய வேண்டிய நிகழ்ச்சி, நவம்பர் 14-ந் தேதி வரை நடந்தது. மொத்தம் 138 நாட்கள்! 453 மணி 45 நிமிடம்!

ஏன்? அந்த நாட்டில் அத்தனை பேர் தொலைந்து போயிருந்தார்களா?

ஆம். தொலைந்துதான் போயிருந்தார்கள். அதுவும் ஒரே நாட்டுக்குள்ளேயே!

நாடு இரண்டு ஆயிற்று

கொரியா ஒரு காலத்தில் ஒரே நாடு. ஒரே மொழி. ஒரே சாப்பாடு. 1910-ல் இருந்து 35 ஆண்டுகள் ஜப்பான்காரன் அதை ஆண்டான். 1945-ல் ஜப்பான் தோற்றது. ஜப்பான் தோற்றதும் வடக்கே ரஷ்யப் படையும், தெற்கே அமெரிக்கப் படையும் வந்து இறங்கின. தேசப் படத்தில் ஒரு கோடு போட்டார்கள். கோட்டுக்கு மேலே வட கொரியா. கீழே தென் கொரியா.

1950-ம் ஆண்டு ஜூன் 25-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. வடக்குப் படை கோட்டைத் தாண்டி வந்தது. மூன்றே நாளில் சியோல் விழுந்தது.

பிறகு ஐ.நா. படை வந்து மீட்டது. பிறகு சீனப் படை வந்து பிடித்தது. மறுபடியும் மீட்டார்கள். ஒரு வருஷத்துக்குள் சியோல் நகரம் நான்கு முறை கை மாறியது. ஒவ்வொரு முறை கை மாறும் போதும் ஜனங்கள் ஓடினார்கள். தலையிலே மூட்டை. முதுகிலே குழந்தை. கையிலே இன்னொரு குழந்தை.

கூட்டத்தில் கை நழுவினால் போதும். அதோடு சரி!

“மூன்று நாளில் வந்துவிடுகிறேன்” என்று சொல்லிவிட்டுப் போன கணவன் வரவில்லை. “இங்கேயே நில்” என்று சொல்லிவிட்டுப் போன அக்காள் திரும்பவில்லை. சத்திரத்திலும் சாலையிலும் நின்ற பிள்ளைகளை யார் யாரோ எடுத்துப் போனார்கள். பலர் அநாதை விடுதியில் வளர்ந்தார்கள்.

கப்பலில் 14 ஆயிரம் பேர்

1950-ம் ஆண்டு டிசம்பர். கடுங்குளிர். வடக்கே ஹுங்நாம் என்ற துறைமுகம். சீனப் படை நெருங்கி வருகிறது. ஐ.நா. படை கப்பல் ஏறிப் பின்வாங்குகிறது. “எங்களையும் ஏற்றிக் கொள்ளுங்கள்” என்று பொதுமக்கள் கடற்கரையில் வந்து குவிந்துவிட்டார்கள். சுமார் ஒரு லட்சம் பேர் அங்கிருந்து தெற்கே கொண்டுவரப்பட்டார்கள்.

அதிலே ஒரு கப்பல் ‘மெரிடித் விக்டரி’. அது சரக்குக் கப்பல். அதில் 12 பிரயாணிகளுக்குத்தான் இடம். ஏற்றியது எத்தனை பேர் தெரியுமா? சுமார் 14 ஆயிரம் பேர்! ஆடு மாடுகளை அடைப்பது போல, சரக்கு அறையில் ஒருவரை ஒருவர் ஒட்டி நின்றார்கள். தீனி இல்லை. தண்ணீர் இல்லை. ஆனாலும் ஒருவரும் சாகவில்லை. மாறாக, கடலிலேயே ஐந்து குழந்தைகள் பிறந்தன!

கொரியர்கள் காரம் போட்டு ஊற வைக்கும் முட்டைக்கோஸ் ஊறுகாய்க்குக் ‘கிம்ச்சி’ என்று பெயர். நமக்கு மாங்காய் ஊறுகாய் மாதிரி. கப்பல்காரர்களுக்குத் தெரிந்த கொரியச் சொல் அதுதான். அதனால் அந்தக் குழந்தைகளுக்கு ‘கிம்ச்சி ஒன்று’, ‘கிம்ச்சி இரண்டு’ என்று செல்லப் பெயர் வைத்துவிட்டார்கள்.

கப்பலில் ஏறியவர்கள் பிழைத்தார்கள். ஆனால் பலருடைய வீட்டில் பாதிப் பேர் கரையிலேயே நின்றுவிட்டார்கள். “சில நாளில் திரும்பி விடலாம்” என்று நம்பித்தான் ஏறினார்கள். 1953-ம் ஆண்டு ஜூலை 27-ந் தேதி சண்டை நின்றது. எல்லை மூடியது. நடுவிலே நான்கு கிலோமீட்டர் அகலத்துக்கு ஆள் புக முடியாத பூமி. திரும்பிப் போகும் வழி அடைபட்டது.

பாலத்தடியில் காத்திருந்தவர்கள்

தெற்குக் கோடியில் பூசான் என்ற துறைமுகப் பட்டினம். அகதிகள் எல்லாம் அங்கேதான் வந்து சேர்ந்தார்கள். அங்கே யோங்டோ பாலம் என்று ஒரு பாலம். கப்பல் போவதற்காகத் தூக்கித் திறக்கும் பாலம். நாடு முழுவதும் தெரிந்த பாலம் அது.

“பிரிந்துவிட்டால் பூசானில் அந்தப் பாலத்தருகே சந்திப்போம்.” இப்படிச் சொல்லிவிட்டுத்தான் பல குடும்பங்கள் புறப்பட்டன. முன்னே பின்னே பூசானைப் பார்த்தறியாதவர்களுக்குத் தெரிந்த ஒரே அடையாளம் அந்தப் பாலம்தான்.

அங்கே போய் ஆயிரக்கணக்கான பேர் காத்து நின்றார்கள். காலையில் வருவார்கள். மாலையில் திரும்புவார்கள். பாலத்தடியில் ஜோசியக்காரர்கள் கடை போட்டுவிட்டார்கள். “என் மகன் உயிரோடு இருக்கிறானா? எந்தத் திசையில் இருக்கிறான்?” என்று கேட்க வேறு யார் இருந்தார்கள்?

சென்னைக்கு வந்த கப்பல்

இந்தச் சண்டையில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. துப்பாக்கி பிடிக்க அல்ல. மருந்து கொடுக்க!

1950 நவம்பரில் இந்திய ராணுவத்தின் 60-வது பாரசூட் வைத்தியப் படை கொரியாவில் போய் இறங்கியது. அதன் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ். ஆர்க்காடு என்ற ஊர்ப் பெயரைத் தன் பெயரோடு சேர்த்து வைத்திருந்தவர். பின்வாங்கும் நேரத்தில் மருந்துப் பெட்டிகளை ஏற்ற லாரி இல்லை. நம் வீரர்கள் ஒரு பழைய ரெயில் என்ஜினைப் பிடித்தார்கள். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். தாங்களே ஓட்டிக்கொண்டு பியோங்யாங்கை விட்டு வெளியேறினார்கள். அடிபட்ட சிப்பாய்களுக்கும் அகதி ஜனங்களுக்கும் அவர்கள் வைத்தியம் செய்தார்கள்.

சண்டை நின்றதும் இன்னொரு சிக்கல் வந்தது. கைதிகள் எந்தப் பக்கம் போவது? அதைக் கவனிக்கும் பொறுப்பு இந்தியாவுக்கு வந்தது. தளபதி திம்மய்யா அதற்குத் தலைமை வகித்தார். “வடக்கும் வேண்டாம், தெற்கும் வேண்டாம்” என்று சொன்ன 88 பேர் இந்தியாவுக்கு வந்தார்கள். 76 பேர் கொரியர்கள். 12 பேர் சீனர்கள். 1954 பிப்ரவரியில் அவர்கள் கப்பலில் வந்து இறங்கிய இடம் நம் சென்னைத் துறைமுகம்! பிறகு பலர் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போய்விட்டார்கள். பெற்ற ஊரில் அவர்களுக்காக யார் யார் காத்திருந்தார்களோ!

ஒரே நாட்டில் இருந்தும் ஏன் தெரியவில்லை?

இங்கே ஒரு சந்தேகம் வரும். வடக்கே இருப்பவரைப் பார்க்க முடியாது. சரி. தெற்கே இருக்கும் அண்ணனும் தங்கையும் 33 ஆண்டுகளாக ஏன் ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்கவில்லை?

அதற்குப் பல காரணங்கள்.

முதலாவது, பெயர். கொரியாவில் குடும்பப் பெயர்கள் மிகவும் குறைவு. கிம், லீ, பார்க் என்ற மூன்று பெயர்களே பத்துப் பேரில் நான்கு பேருக்கு மேல் இருக்கும். “கிம் என்பவரைத் தேடுகிறேன்” என்றால் யாரைக் காட்டுவது? நம் ஊர்த் திருவிழாவில் நின்றுகொண்டு “முருகா!” என்று கூப்பிட்ட கதைதான்!

இரண்டாவது, வயது. நான்கு வயதில் தொலைந்த குழந்தைக்குத் தன் பெயர் தெரியும். அப்பா பெயர் தெரியுமா? ‘அப்பா’ என்றுதான் தெரியும். ஊர் பெயர் தெரியுமா? ‘எங்கள் வீடு’ என்றுதான் தெரியும். எடுத்து வளர்த்தவர்கள் புதுப் பெயர் வைத்துவிட்டார்கள். பிறந்த வருஷத்தையும் குத்துமதிப்பாக எழுதிவிட்டார்கள்.

மூன்றாவது, சொந்த ஊரே இல்லை. ஊருக்குப் போய் விசாரிக்கலாம் என்றால், அந்த ஊர் எல்லைக்கு அப்பால் இருந்தது. விலாசம் இருந்தும் பயனில்லை.

நான்காவது, வறுமை. அன்றாடக் கஞ்சிக்கே பாடுபட்டவர்கள் ஊர் ஊராகத் தேடுவது எப்படி?

ஐந்தாவது காரணம்தான் கொடுமை. பலர், “அவன் செத்திருப்பான்” என்று முடிவு கட்டிவிட்டார்கள். திதி கூடக் கொடுத்துவிட்டார்கள்!

எங்கும் அட்டை! எங்கும் காகிதம்!

1983-ல் நிலைமை மாறியிருந்தது. தென் கொரியாவில் வீட்டுக்கு வீடு டெலிவிஷன் பெட்டி வந்துவிட்டது. ஒரே நேரத்தில் நாடு முழுவதும் ஒரே முகத்தைப் பார்க்க முடிந்தது. பாலத்தடியில் 33 ஆண்டுகள் காத்தும் நடக்காத காரியம், ஒரு கண்ணாடித் திரையில் நடந்தது.

சியோலில் யொய்டோ என்ற இடத்தில் டெலிவிஷன் நிலையம் இருக்கிறது. ஜனங்கள் அங்கே வந்து குவிந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஓர் அட்டை. அட்டையில் பெரிய எழுத்துக்கள். என்ன எழுதியிருந்தார்கள்?

தேடும் ஆள் பெயர். வயது. தாய் தகப்பன் பெயர். சொந்த ஊர். எங்கே, எந்த வருஷம் பிரிந்தோம் என்ற விவரம். உடம்பில் உள்ள தழும்பு, மச்சம். வீட்டில் கூப்பிட்ட செல்லப் பெயர்.

பெயர் மறந்தவர்கள், பெயர் இருக்கும் இடத்தை வெறுமையாக விட்டார்கள். தெரிந்ததை மட்டும் எழுதினார்கள்.

நிலையத்தின் சுவர் முழுவதும் காகிதம் ஒட்டினார்கள். சுவர் போதவில்லை. படிக்கட்டில் ஒட்டினார்கள். தரையில் ஒட்டினார்கள். பக்கத்து மைதானம் முழுவதும் காகிதம். ஜூலை மாதம் அங்கே மழைக் காலம். மழையையும் வெயிலையும் பார்க்காமல், ஒவ்வொரு காகிதமாகப் படித்துக்கொண்டே நடந்தார்கள். அந்தக் காகிதங்களில் ஏதோ ஒன்றில் தன் பெயர் இருக்காதா என்ற ஆசை!

தழும்புதான் சாட்சி

நிகழ்ச்சி எப்படி நடந்தது?

வரிசையாக ஆட்கள் நிற்பார்கள். ஒவ்வொருவரும் அட்டையை மார்பில் பிடித்துக்கொள்வார். காமிரா முகத்தையும் அட்டையையும் காட்டும். சில விநாடிகள்தான். அடுத்த ஆள்.

வேறொரு ஊரில் ஒருவர் வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். திடீரென்று துள்ளி எழுவார். “அது என் அண்ணன் மாதிரி இருக்கிறதே!” உடனே டெலிபோன் செய்வார். அந்த ஊரிலும் ஒரு டெலிவிஷன் நிலையம் இருக்கும். அங்கே ஓடுவார். இரண்டு ஊரையும் இணைத்து, திரையை இரண்டாகப் பிரித்துக் காட்டுவார்கள். இடது பக்கம் ஒரு முகம். வலது பக்கம் ஒரு முகம்.

பேச்சு தொடங்கும். எடுத்த எடுப்பிலேயே அழுதுவிட மாட்டார்கள். பயம்! தவறான ஆளாக இருந்துவிட்டால்?

“உங்கள் தகப்பனார் என்ன வேலை பார்த்தார்?”

“வீட்டில் எத்தனை பிள்ளைகள்?”

“வீட்டுக்கு முன்னால் என்ன இருந்தது?”

“சின்ன வயதில் எங்கே அடிபட்டது?”

இப்படி ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். ஒரு பதில் பொருந்தும். இரண்டாவது பதில் பொருந்தும். குரல் நடுங்கத் தொடங்கும். மூன்றாவது பதில் வந்ததும், “சரிதான்! சரிதான்! அதுதான்!” என்று கத்துவார்கள். அதற்கு மேல் பேச்சு வராது. இரு பக்கமும் அழுகைதான். சிலர் மயங்கி விழுந்தார்கள். சிலர் திரையையே கட்டிப் பிடித்தார்கள்.

கேட்கிற நிருபரும் அழுதார். படம் பிடிக்கிறவரும் அழுதார். வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களும் அழுதார்கள். சில சமயம் நாட்டில் நூறு பெட்டிகளில் 78 பெட்டிகள் இந்த நிகழ்ச்சியைக் காட்டிக்கொண்டிருந்தன என்று கணக்கு எடுத்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஆளை அடையாளம் காட்டியது எது? பட்டம் பதவி அல்ல. சொத்துப் பத்திரம் அல்ல. கொதிக்கிற தண்ணீர் பட்ட தழும்பு, வாசல் மரம், அம்மா கூப்பிட்ட பெயர் – இவைதான்! ஒரு குடும்பத்துக்கு வெளியே யாருக்கும் தெரியாத சின்னச் சின்ன விஷயங்கள். அவைதான் 33 ஆண்டு கழித்துச் சாட்சி சொல்லின.

பத்தில் ஒன்று

நிகழ்ச்சியில் சேர மனு கொடுத்தவர்கள் 1,00,952 பேர். திரையில் காட்டப்பட்டவர்கள் 53,536 பேர். சொந்தம் கிடைத்தவை 10,189.

பத்தாயிரம் என்பது சின்னத் தொகை அல்ல. ஆனால் இன்னொரு விதமாகவும் கணக்குப் பாருங்கள். மனு கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குதான் பலித்தது. மற்ற ஒன்பது பங்கு?

அவர்கள் அட்டையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். பக்கத்தில் நின்றவர் அண்ணனைக் கட்டிப் பிடித்து அழுததைப் பார்த்துவிட்டு, தனியாகத் திரும்பினார்கள். தேடிய ஆள் செத்துப் போயிருக்கலாம். அல்லது எல்லைக்கு அப்பால் உயிரோடு இருக்கலாம். எல்லைக்கு அப்பால் இந்த டெலிவிஷன் எட்டாதே!

அந்த நிகழ்ச்சியின் 463 வீடியோ நாடாக்களும், அட்டைகளும், மனுக்களும், போட்டோக்களும் பத்திரமாக வைக்கப்பட்டுள்ளன. மொத்தம் 20,522 ஆவணங்கள். உலகம் மறக்கக்கூடாத பதிவுகள் என்று 2015-ல் யுனெஸ்கோ சபை அவற்றைத் தன் பட்டியலில் சேர்த்தது.

எல்லை திறந்தது – மூன்று நாளுக்கு!

வடக்கே இருந்தவர்கள் கதி என்ன?

செஞ்சிலுவைச் சங்கம் பாடுபட்டது. 1985 செப்டம்பரில் முதல் முறையாக, இந்தப் பக்கத்திலிருந்து 50 பேர், அந்தப் பக்கத்திலிருந்து 50 பேர் சொந்தக்காரர்களைத் தேடி எல்லை தாண்டினார்கள். அதோடு கதவு மூடியது. 15 ஆண்டு கழித்து, 2000-ம் ஆண்டு இரு நாட்டுத் தலைவர்களும் சந்தித்துக் கைகுலுக்கினார்கள். அந்த ஆகஸ்டு 15-ந் தேதி மறுபடியும் கதவு திறந்தது. பக்கத்துக்கு 100 பேர். அப்போதிருந்து 2018 ஆகஸ்டு வரை 21 முறை இப்படிச் சந்திப்புகள் நடந்தன.

போக விரும்பியவர்கள் எத்தனை பேர்? தெற்கே மட்டும் பெயர் பதிந்தவர்கள் சுமார் 1,32,000 பேர். ஒரு முறைக்கு நூறு பேருக்குத்தான் இடம். அதனால் சீட்டுக் குலுக்கல்! பெற்ற தாயைப் பார்க்கவும் குலுக்கல் சீட்டு!

சீட்டு விழுந்தவர்கள் பெரும்பாலும் கும்காங் மலை என்ற இடத்துக்குப் போவார்கள். மூன்று நாள். நாள் முழுவதும் சேர்ந்திருக்க முடியாது. இரண்டு மணி, இரண்டு மணியாக, மொத்தம் சுமார் 12 மணி நேரம். அறுபது ஆண்டுக் கதையை அதற்குள் பேசி முடிக்க வேண்டும்.

முதலில் என்ன கேட்பார்கள் தெரியுமா? “அம்மா எப்போது இறந்தாள்? எந்தத் தேதி?” என்பார்கள்.

நம்மைப் போலவே அவர்களும் பெற்றோருக்குத் திதி கொடுக்கிறவர்கள். இறந்த நாள் தெரியாமல் எந்த நாளில் படையல் போடுவது? அந்த ஒரு தேதிக்காக அறுபது ஆண்டு காத்திருந்த பிள்ளைகள் உண்டு.

2018-ல் தொண்ணூறு வயதைத் தாண்டிய ஒரு தாய், எழுபதைத் தாண்டிய மகனைக் கண்டாள். பிரியும்போது அவனுக்கு நான்கு வயது. கிழவனாகிவிட்ட அந்த மகனின் கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். தாய்க்கு மகன் எப்போதும் குழந்தைதானே!

மூன்றாம் நாள் பஸ் புறப்படும். உள்ளே ஒரு கை. வெளியே ஒரு கை. நடுவில் ஜன்னல் கண்ணாடி. இருவருக்கும் தெரியும், இதுதான் கடைசிப் பார்வை என்று. மறு முறை பார்க்க முடியாது. கடிதம் போட முடியாது. டெலிபோனில் பேச முடியாது.

ஜனாதிபதி வீட்டிலும் இதே கதை

இந்தத் துயரம் ஏழை வீட்டில் மட்டும் இல்லை. 2017 முதல் 2022 வரை தென் கொரியாவின் ஜனாதிபதியாக இருந்தவர் மூன் ஜே-இன். அவருடைய தாய் தகப்பனார், ஹுங்நாமில் அந்த மெரிடித் விக்டரி கப்பலில் ஏறித் தப்பியவர்கள். அகதி வீட்டுப் பிள்ளையாகத்தான் அவர் பிறந்தார்.

அவர் தாயாரின் தங்கை வடக்கிலேயே நின்றுவிட்டார். 2004-ல் சந்திப்புப் பட்டியலில் பெயர் வந்தது. மகன் தாயாரைக் கையைப் பிடித்துக் கும்காங் மலைக்கு அழைத்துப் போனார். அக்காளும் தங்கையும் 50 ஆண்டுக்குப் பிறகு பார்த்துக்கொண்டார்கள். 2019-ல் அந்தத் தாயார் காலமானார். மகன் ஜனாதிபதியாக இருந்தும், பிறந்த ஊரை மறுபடி பார்க்கும் பாக்கியம் அவருக்குக் கிடைக்கவில்லை.

காலம் நிற்கவில்லை

2018-ல் பெயர் பதிந்தவர்களில் உயிரோடு இருந்தவர்கள் சுமார் 57,000 பேர். 2023 முடிவில் 40,000-க்கும் குறைந்துவிட்டார்கள். பெரும்பாலோர் எண்பதைத் தாண்டியவர்கள். 2018-க்குப் பிறகு, 2025 தொடக்கம் வரை ஒரு சந்திப்பும் நடைபெறவில்லை. கும்காங் மலையில் சந்திப்புக்காகக் கட்டிய கட்டடத்தையும் வட கொரியா இடித்து வருவதாக 2025 பிப்ரவரியில் தெற்கு அரசாங்கம் அறிவித்தது.

ஆனாலும் வேலை நிற்கவில்லை. 2014 முதல், தெற்கில் இருக்கும் கிழவர் கிழவிகளின் ரத்த மாதிரியை எடுத்து, மரபணுச் சோதனை செய்து, அரசாங்கம் பத்திரப்படுத்துகிறது. பெற்றவர்கள் போன பிறகும், பேரப் பிள்ளைகள் ஒருநாள் சொந்தத்தைக் கண்டுபிடிக்கலாம் அல்லவா? முகத்தையும் குரலையும் வீடியோ கடிதமாகவும் எடுத்து வைக்கிறார்கள்.

எல்லைக்கு அருகே ஒரு பலிபீடம் இருக்கிறது. அறுவடைப் பண்டிகை அன்றும் புது வருஷத்தன்றும், வடக்கே பிறந்தவர்கள் அங்கே வருகிறார்கள். பழமும் பலகாரமும் படைக்கிறார்கள். வடக்குத் திசையைப் பார்த்து விழுந்து கும்பிடுகிறார்கள். ஊருக்குப் போக முடியாது. ஊரிருக்கும் திசையையாவது கும்பிடலாமே!

நம் வீட்டுக்கு என்ன பாடம்?

“அது எங்கோ கொரியாவில்” என்று தள்ளிவிட வேண்டாம். திருவிழாக் கூட்டத்திலும் ரெயில் நிலையத்திலும் கை நழுவும் பிள்ளைகள் நம் ஊரிலும் உண்டு. பிழைக்கப் போன இடத்திலிருந்து கடிதம் நின்றுபோன அண்ணன் தம்பிகளும் உண்டு. கொரியர்கள் கண்ணீர் விட்டுக் கற்ற பாடத்தை நாம் சும்மாவே கற்றுக்கொள்ளலாம்.

ஒன்று: குழந்தைக்குப் பேச வந்ததும், தாய் தகப்பன் பெயர், ஊர், தெரு இந்த மூன்றையும் பாட்டு மாதிரி சொல்லிக் கொடுங்கள். ‘அப்பா’ என்றால் ஊரில் ஆயிரம் அப்பா!

இரண்டு: கூட்டத்துக்குப் போகும்போது, “பிரிந்தால் இங்கே நிற்க வேண்டும்” என்று ஓர் இடத்தைக் காட்டி வையுங்கள். கோபுர வாசல், மணிக்கூண்டு, எதுவாக இருந்தாலும் சரி. குழந்தையின் சட்டைப் பையில் டெலிபோன் நம்பர் எழுதிய சீட்டும் இருக்கட்டும்.

மூன்று: குழந்தை காணாமல் போனால், அக்கம் பக்கத்தில் தேடிக்கொண்டே நாளைக் கடத்தக்கூடாது. உடனே போலீசுக்குப் போக வேண்டும். காணாமல் போன குழந்தை பற்றிய புகாரை வழக்காகவே பதிய வேண்டும் என்று 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டிருக்கிறது. தனியாக நிற்கும் பிள்ளையைக் கண்டால் 1098 என்ற நம்பருக்குப் பேசலாம். காசு கிடையாது.

நான்கு: சண்டையிலோ புயலிலோ கலவரத்திலோ பிரிந்த சொந்தத்தைத் தேட, செஞ்சிலுவைச் சங்கத்தில் மனு கொடுக்கலாம். இது அவர்களுக்குப் பழக்கமான வேலை. 1914-ல் தொடங்கிய மகா யுத்தத்திலேயே, ஜெனீவாவில் சுமார் 70 லட்சம் அட்டைகள் எழுதி, கைதான சிப்பாய்களின் கதியைக் குடும்பத்துக்குச் சொன்னவர்கள் அவர்கள்.

ஐந்து: இதுதான் முக்கியம். வீட்டில் பாட்டி இருக்கிறாளா? தாத்தா இருக்கிறாரா? ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் உட்காருங்கள். அவர்களுடைய தாய் தகப்பன் யார்? உடன்பிறந்தவர் எத்தனை பேர்? யார் யார் எந்த ஊருக்கு, எந்தத் தேசத்துக்குப் போனார்கள்? வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்? யாருக்கு எங்கே மச்சம்? எல்லாவற்றையும் கேட்டு எழுதுங்கள். எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளையிடமே அந்த வேலையைக் கொடுங்கள். பாட்டிக்கும் பொழுது போகும். பிள்ளைக்கும் எழுத்து பழகும்.

சொத்துக்குப் பத்திரம் எழுதி, பெட்டியில் வைத்துப் பூட்டுகிறோம். சொந்தத்துக்கும் ஒரு பத்திரம் வேண்டாமா?

சியோலில் அந்த மைதானத்தில் நின்றவர்கள், ஒரு பெயரையோ ஒரு தழும்பையோ ஞாபகம் வைத்திருந்ததால் அண்ணனை அடைந்தார்கள். அந்த ஒரு பெயர் ஞாபகம் இல்லாததால் பலர் வெறும் கையோடு போனார்கள்.

நோட்டுப் புத்தகத்தின் விலை சில ரூபாய்தான். பாட்டி இருக்கும்போதே வாங்கிவிடுங்கள்!